பதினோரு நொடி

தபால்காரர் மூன்றாம் தடவை வந்தபோதுதான்
தட்டு கைக்குக் கிடைத்தது.
கறுப்பு உறை. நடுவில் வெள்ளையாய் ஒரு கலங்கரை விளக்கம்.
பின்பக்கம் பொடி எழுத்தில் நடித்தவர் பட்டியல்.
லூசெத் பெயர் இல்லை.
பிணத்துக்கு எவன் பேர் போடுவான் என்றாள்,
வால்நட் உடைத்தபடி.

ஐம்பத்தேழு, நவம்பர்.
தியெப் துறைமுகத்து உப்புக் கிடங்கில் படப்பிடிப்பு.
மீன் டப்பா ஆலையிலிருந்து
பத்தொன்பது வயசுக்காரியை அழைத்துப்போய்
படுத்தால் போதும் என்றார்களாம்.
இரண்டு நாள் கூலி, இரண்டு வேளை சூப்.
சலவைக்கல் மேசை, மேலே ஈரத்துணி,
முடியில் நிஜக் கடற்பாசி.
அதற்குள்ளிருந்து ஒரு நண்டுக் குஞ்சு
அவள் காதைத் தேடிக் கிளம்பியதாம்.
"செத்தவளே, சிரிக்காதே!"
இயக்குநர் அதட்டியதை
இன்றைக்கும் அவர் குரலிலேயே சொல்வாள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை.
கரை ஒதுங்கும் பெண்களை வாங்கிச் சேர்க்கிறார்
ஒரு மருத்துவர்.
ஒவ்வொருத்தி உதட்டருகிலும் கைக்கண்ணாடி பிடிக்கிறார்.
கண்ணாடி மங்குவதில்லை.
அப்போது அவர் முகத்தில் வரும் திருப்தி இருக்கிறதே,
அதற்குத்தான் கொட்டகையே அலறியது.
நானும் அலறினேன். மூன்றாவது வரிசை.
அவள் யாரென்றே தெரியாது.

மூன்று வருஷம் கழித்து ஒரு நடன இரவில்
உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்றேன்.
எல்லா ஆம்பளையும் சொல்வதுதான் என்று திரும்பிக்கொண்டாள்.
உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்
அதை உண்மையாகச் சொன்னவன்.

எண்பத்தாறில் வீடியோ கேசட் வந்தது.
அந்தப் பதினோரு நொடியை மட்டும்
ஓட்டி, திருப்பி, ஓட்டி
நாடா அங்கேயே தேய்ந்துபோனது.
அவள் முகத்தின் மேல் மழை பிடித்துக்கொண்டது.
பிறகு மழை மட்டும்.

இப்போது எல்லாம் துடைத்துத் தந்திருக்கிறார்கள்.
ஒரு கீறல் இல்லை.
இமைமுடி எண்ணலாம்.
தோளில் புல்லரித்திருப்பது தெரிகிறது.
அப்புறம்,
நான் எழுந்தே நின்றுவிட்டேன்,
மூக்கிலிருந்து மெல்லிசாய் ஒரு புகை.
சூடேற்றாத கிடங்கின் குளிரில்
பிணம் மூச்சு விடுகிறது!
அறுபது வருஷமாய் யாரும் பார்க்காத மூச்சு.
கண்ணாடியில் சோப்பு தடவியிருப்பார்கள், திருட்டுப் பயல்கள்.

லூசெத், அகப்பட்டாய், இங்கே பார் என்றேன்.

சோபாவில் தலை சாய்ந்திருந்தாள்.
வாய் லேசாகத் திறந்து.
காது மெஷின் மேசை மேல்.
திரையின் வெளிச்சம் பட்டு
அவளும் கறுப்பு வெள்ளை.
கம்பளி ஏறவில்லை, இறங்கவில்லை.
படத்தை நிறுத்தினேன்.
நிறுத்தியிருக்கக் கூடாது. வீடு அவ்வளவு அமைதி.

கண்ணாடி குளியலறையில்.
பதினைந்து அடி தூரம்.
இவளை விட்டுவிட்டுப் பதினைந்து அடி போக
கால் வரவில்லை.
உறையில் இன்னொரு தட்டு இருந்தது,
பேட்டிகள், விளக்கங்கள்,
போட்டே பார்க்காதது. சில்லென்றிருந்தது.
பளபளப்பான பக்கத்தை
உதட்டருகே பிடித்தேன்.

வானவில் தெரிந்தது.
என் கட்டை விரல் தெரிந்தது, நடுங்கியபடி.
மருத்துவர் எப்படித்தான்
அவ்வளவு நேரம் கை அசையாமல் நின்றாரோ.
ஆறு எண்ணினேன். ஏழு.

வானவில்லின் ஓரம்
ஒரு காசளவுக்கு மங்கியது.
சுருங்கியது. திரும்ப மங்கியது.

கண் திறக்காமலே கேட்டாள்:
"என் காட்சி வந்துடுச்சா?"
வந்து போயாச்சு, கத்திச் சொன்னேன்.
"எப்படி இருந்தேன்?"

படு மோசமான நடிப்பு என்றேன்.

சிரித்தாள் போல.
மடியிலிருந்து வால்நட் ஓடுகள்
தரையில் ஒவ்வொன்றாய் விழுந்தன.